பட்டம் பெற்றவரும் பெறாதவரும்

ஒருவனுடைய பெருமையை எதைக் கொண்டு நிறுப்பது என்ற கேள்விக்கு நம்மவர்கள் நெடுங்காலமாக வைத்திருக்கும் விடை மிகச் சுலபமானது. பெயருக்கு முன்னே ஒட்டிக்கொண்டிருக்கும் பட்டத்தைப் பார்ப்பார்கள். பட்டம் இருந்தால் எழுந்து நின்று மாலை போடுவார்கள். இல்லையென்றால் ‘யார் வீட்டுப் பிள்ளை?’ என்று விசாரிப்பார்கள். அந்தப் பட்டத்தைக் கொடுத்தவர் யார், எதற்காகக் கொடுத்தார், கொடுக்கும் அதிகாரம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்ற விசாரணை மட்டும் நடப்பதேயில்லை.

இவ்வழக்கம் செல்லாத இடம் ஒன்று உண்டென்றும், அது குத்துச்சண்டை மேடையென்றும் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அரைக்காற்சட்டையும் கையுறையுமாக இருவர் மேடை ஏறுகிறார்கள், குலமும் செல்வமும் சிபாரிசும் அவர்களோடு ஏறுவதில்லை, வலுத்தவன் வெல்கிறான், வென்றவனைத் தேடிப் பட்டம் வருகிறது, இதைவிட நியாயமான தராசு வேறெது என்பது அவர்கள் வாதம். பார்வைக்கு அழகான வாதந்தான். ஆனால் அது கயிற்றுக்குள்ளே நடப்பதை மட்டும் காண்கிறது. கயிற்றுக்கு வெளியே உட்கார்ந்துகொண்டு, யாரை உள்ளே விடுவது, யாரை வாசலிலேயே நிறுத்திவைப்பது என்று தீர்மானித்தவர்களைக் காண்பதில்லை. இதனை இரண்டு மனிதர்களின் சரித்திரத்தை எதிரெதிரே வைத்து ஆராய விரும்புகிறோம்.

நம் நேயர்களுக்குக் குத்துச்சண்டை அந்நியமன்று. 2021-இல் பா. இரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ என்னும் படம் வெளிவந்த பின்னர், வடசென்னையின் பழைய குத்துச்சண்டைப் பரம்பரைகளைப் பற்றிப் பேசாத இளைஞர் குருண் கடைத்தெருவில் அரியர் எனலாம். முதியோர்களோ, 1975 ஜூலை 1-இல் முகம்மது அலி கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் ஜோ பக்னரோடு பதினைந்து சுற்றும் நின்று ஆடி வென்றதை இன்றும் நினைவுகூர்வர். ஆயின் அலியை அறிந்த அளவு அலிக்கு முன்னிருந்தோரை நாம் அறியோம். நாம் எடுத்துக்கொண்ட இருவரும் அத்தகையோரே. ஒருவர் ஆர்ச்சி மூர். மற்றவர் எஸ்ஸார்ட் சார்லஸ். இருவரும் அமெரிக்கக் கறுப்பினத்தவர். இருவரும் தங்கள் இளமையின் பெரும்பகுதியை லைட் ஹெவிவெயிட் என்னும் எடைப்பிரிவில் செலவிட்டவர்கள்.

அந்த எடைப்பிரிவைப் பற்றி ஒரு வார்த்தை. அதன் எல்லை 175 ராத்தல், அதாவது ஏறக்குறைய 79 கிலோ. அதற்குக் கீழே 160 ராத்தல் எல்லையுள்ள நடுத்தர எடை. மேலே எல்லையே இல்லாத ஹெவிவெயிட். கீழே உள்ளவர்களின் வேகத்தை ஜனங்கள் விரும்பினார்கள். மேலே உள்ளவர்களின் உருவத்தைக் கண்டு வியந்தார்கள். இடையில் நின்றவர்களுக்குப் பணமும் குறைவு, பேரும் குறைவு. துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவே நின்று இரு பக்கத்துப் பேச்சையும் கேட்கும் கிராணிமார் கதை போல, அது ஓர் இரண்டுங்கெட்டான் எடை.

நாம் ஆங்கிலப் பள்ளியில் படித்த காலத்தில் கைக்குக் கிடைத்த விளையாட்டு நூல்களில், உலகப் பட்டம் பெற்றவர்களின் அட்டவணை ஒன்று தவறாமல் இருக்கும். லைட் ஹெவிவெயிட் பகுதியில் 1941 முதல் 1962 வரையுள்ள பெயர்களைப் படித்தால், கஸ் லெஸ்னெவிச், ஃபிரெடி மில்ஸ், ஜோயி மாக்ஸிம், ஆர்ச்சி மூர் என்று நான்கு பேரே முக்கியமாக வருவார்கள். சார்லஸின் பெயர் அங்கே இராது. அவர் அந்த எடையில் உலகப் பட்டத்துக்கு ஒருமுறையேனும் போட்டியிட அழைக்கப்படவேயில்லை. ஆனால் நடந்தது என்ன? பட்டத்தை மிக நீண்டகாலம் வைத்திருந்த மூரை, சார்லஸ் மூன்று முறை சந்தித்தார். மூன்று முறையும் வென்றார். 1946 மே மாதம் பிட்ஸ்பர்க்கில் புள்ளிக் கணக்கில். 1947 மே மாதம் சின்சினாட்டியில் மீண்டும் புள்ளிக் கணக்கில். 1948 ஜனவரியில் கிளீவ்லாந்தில், எட்டாம் சுற்றில் கீழே வீழ்த்தி. மாக்ஸிமை அவர் ஐந்து முறை சந்தித்தார். ஐந்து முறையும் வென்றார். லெஸ்னெவிச்சையும் 1949-இல் வென்றார். அட்டவணையில் உள்ள நால்வரில் மூவரை முறியடித்தவருக்கு அட்டவணையில் இடமில்லை!

காரணம் என்ன? கறுப்பர் என்பதனால் மட்டும் என்று சொல்லிவிட்டால் விஷயம் தீர்ந்துவிடும்; ஆனால் அது முழு உண்மையாகாது. ஜான் ஹென்றி லூயிஸ் என்ற கறுப்பர் 1935-இலேயே இதே எடையில் பட்டம் பெற்றார். ஜோ லூயிஸ் 1937-இல் ஹெவிவெயிட் பட்டம் பெற்றுப் பன்னிரண்டு ஆண்டுகள் வைத்திருந்தார். ஆகவே கறுப்பருக்குக் கதவு சாத்தப்பட்டது என்று எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை. எழுதப்படாத சட்டம் வேறு விதமாக வேலை செய்தது. பட்டம் வைத்திருப்பவனுடைய மேலாளர் கணக்குப் போடுவார்: இவனோடு மோதினால் தோற்கும் ஆபத்து அதிகம், வசூலோ குறைவு, இவனுக்காகப் பரிந்து பேசப் பெரிய இடத்து மனிதரும் இல்லை, ஆகவே இவன் காத்திருக்கட்டும். வெள்ளையனாகப் பிறந்த திறமைசாலியிடம் இக்கணக்கு ஓரளவு தளர்ந்து கொடுத்தது. கறுப்பனாகப் பிறந்த திறமைசாலியிடம் தளரவேயில்லை. சார்லி பர்லி, ஹோல்மன் வில்லியம்ஸ், லாய்ட் மார்ஷல் முதலிய கறுப்பு வீரர் பலர் 1940-களில் இப்படியே தங்களுக்குள் மோதி மோதி ஓய்ந்துபோனார்கள். எழுதிவைக்காத சட்டத்தை எதிர்த்து மேல்முறையீடு செய்ய முடியாது என்பதை நம் சமூகத்தாருக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. கோயில் வாசலிலும் கிணற்றடியிலும் நம் முன்னோர் கண்டதும் பெரும்பாலும் எழுதாத சட்டந்தான்.

மூர் இச்சட்டத்தை எப்படி எதிர்கொண்டார்? அவர் பிறந்த ஆண்டு 1913 என்பார் தாயார். 1916 என்பார் அவர். சிறுவயதில் டிராம் வண்டியில் சில்லறை திருடிய குற்றத்துக்காகச் சீர்திருத்தப் பள்ளியில் 22 மாதம் இருந்தார். 1930-களின் நடுவில் சண்டையிடத் தொடங்கினார். 1940-இல் ஆஸ்திரேலியா சென்று வரிசையாக வென்று திரும்பினார். (மாமிசத்தை மென்று சாற்றை மட்டும் விழுங்கிவிட்டுச் சக்கையைத் துப்பும் பத்தியத்தை அங்கே பழங்குடி மக்களிடம் கற்றதாகப் பிற்காலத்தில் சொல்லிக்கொண்டார். எவ்வளவு உண்மையோ, கதை சொல்வதில் அவர் சமர்த்தர்.) அடுத்த ஆண்டு வயிற்றுப் புண் உடைந்து சாகக் கிடந்து பிழைத்தார். பட்டத்துக்கான வாய்ப்பு 1952 டிசம்பர் 17-இல் செயின்ட் லூயிஸ் நகரில் கிடைத்தது. அப்போது அவர் வயது, யார் கணக்கை ஏற்கிறோமோ அதன்படி, 36 அல்லது 39. பட்டம் வைத்திருந்த மாக்ஸிமுக்கு 100,000 அமெரிக்க வெள்ளி உறுதி செய்யப்பட்டிருந்தது. வென்ற மூர் வீட்டுக்குக் கொண்டுபோனது 800 வெள்ளி.

இவ்விடத்தில் நின்று யோசிக்க வேண்டும். மூரின் சரித்திரத்தைப் பொறுமைக்கு உதாரணமாகச் சொல்லும் வழக்கம் ஆங்கிலப் பத்திரிகைகளில் நெடுநாளாக உண்டு. ‘பதினாறு, பதினேழு ஆண்டு காத்திருந்தார், முடிவில் கிடைத்தது, ஆகவே நீயும் காத்திரு’ என்பது அதன் சாரம். இந்த உபதேசம் நமக்கு மிகப் பழக்கமானது. கூலி உயர்வு கேட்டபோதும், லயத்துக்குப் பதில் வீடு கேட்டபோதும், பள்ளிக்கூடத்துக்குக் கூரை கேட்டபோதும் நம் தாத்தாமார்கள் காதில் விழுந்தது இதுவே. பொறுமையைப் புகழ்கிறவர் பெரும்பாலும் கதவின் உட்புறத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவராகவே இருப்பதை நேயர்கள் கவனித்திருக்கக்கூடும்.

உண்மையில் மூர் வாய்மூடிக் காத்திருக்கவில்லை. நாடெங்குமுள்ள பத்திரிகைகளின் விளையாட்டு ஆசிரியர்களுக்குத் தம் கையால் கடிதம் எழுதிக் குவித்தார். பின்னர் ஹெவிவெயிட் சாம்பியன் ராக்கி மார்சியானோவைத் தம்மோடு மோத வைப்பதற்காகப் பத்திரிகைகளில் விளம்பரமே செய்தார். வெட்கம் கெட்டவன் என்றும், வாயாடி என்றும் ஏசியவர்கள் உண்டு. ஏச்சைக் கேட்டுக்கொண்டே அடுத்த கடிதத்தை எழுதினார். 1955 செப்டம்பரில் மார்சியானோ மேடைக்கு வந்தார். இரண்டாம் சுற்றில் மூர் அவரைத் தரையில் உட்கார வைத்தார். ஒன்பதாம் சுற்றில் தாமே வீழ்ந்தார். தோல்விதான். எனினும் அந்த மேடை அவருக்கு இரங்கிக் கொடுக்கப்பட்டதன்று. கடிதம் கடிதமாக எழுதிப் பிடுங்கியது.

இனி சார்லஸ். 1921-இல் ஜார்ஜியா மாகாணத்தில் பிறந்தவர். பிரசவம் பார்த்த மருத்துவரின் பெயரையே பிள்ளைக்கு வைத்தார்கள். சின்சினாட்டியில் வளர்ந்தார். அடக்கமான மனிதர், பேச்சுக் குறைவு, ஓய்வு நேரத்தில் ஆளுயரப் பெரிய தந்தி வாத்தியம் வாசிப்பார். மூரைப் போலக் கதை சொல்லவும் தெரியாது, கடிதம் எழுதிக் குவிக்கவும் தெரியாது. மேடையில் மட்டும் அவருக்கு இணை சொல்ல ஆளில்லாதிருந்தது. யுத்த காலத்தில் இராணுவ சேவை முடித்துத் திரும்பிய பின், 1946 முதல் 1948 வரை அவர் லைட் ஹெவிவெயிட்டில் காட்டிய திறமையே, பின்னாளைய குத்துச்சண்டைச் சரித்திர ஆசிரியர் பலர் அவரை அந்த எடையின் முதல்வராக வைப்பதற்குக் காரணம்.

மூரை மூன்றாம் முறை வென்று ஐந்து வாரங்கள் ஆகியிருந்தன. 1948 பிப்ரவரி 20-இல் சிகாகோவில் சாம் பரூடி என்ற இளைஞரோடு சார்லஸ் மோதினார். பத்தாம் சுற்றில் பரூடி விழுந்தார், எழவில்லை, மறுநாள் இறந்தார். விதியின் கோரம், பரூடியின் கையால் அதற்கு முந்திய ஆண்டில் வேறொருவர் இதே போல் மேடையில் விழுந்து இறந்திருந்தார். சார்லஸ் நொறுங்கிப்போனார். இத்தொழிலே வேண்டாமென்று விட்டுவிட எண்ணினார். இறந்தவரின் குடும்பத்தார்தாம் அவரைத் தேற்றியனுப்பினர் என்றும், பின்னர் நடந்த ஒரு போட்டியின் வருமானத்தை அவர் அக்குடும்பத்துக்கே கொடுத்தாரென்றும் சொல்வார்கள். மேடைக்குத் திரும்பினார், ஆனால் அவர் திரும்பியது ஹெவிவெயிட்டுக்கு. அங்கே 1949 ஜூன் மாதம் ஜெர்சி ஜோ வால்காட்டை வென்று பட்டம் பெற்றார். 1950 செப்டம்பரில், ஓய்விலிருந்து திரும்பி வந்த ஜோ லூயிஸையே பதினைந்து சுற்றில் தோற்கடித்தார்.

ஜனங்கள் அவரைக் கொண்டாடவில்லை. கொண்டாடாததோடு, குறையும் சொன்னார்கள். தள்ளாடும் எதிரியை நெருங்கி முடித்துவிடத் தயங்குகிறார் என்றும், ஜாக்கிரதைக்காரர் என்றும், சாம்பியனுக்குரிய கொடுமை இவரிடம் இல்லை என்றும் எழுதினார்கள். நம்மைப் பெரிதும் உறுத்துவது இவ்விஷயமே. பரூடி இறந்த செய்தியைப் படித்துக் கண்ணீர் விட்டவர்களும், சார்லஸ் தயங்கியபோது கூவி ஏளனம் செய்தவர்களும் வேறு வேறு மனிதர்களா? ஒரே சபைதான், ஒரே சீட்டுக் காசுதான். ஒருவன் செத்தால் அடித்தவனைக் கொடியவன் என்கிறது. சாகாமல் விட்டால் கோழை என்கிறது. அந்தச் சபையின் கையில் மனிதனின் பெருமையை நிறுக்கும் தராசை ஒப்படைத்துவிட்டு, நியாயம் கிடைக்குமென்று எதிர்பார்ப்பது எங்ஙனம்?

சார்லஸ் கோழையல்லர் என்பதற்கு அத்தாட்சி வேண்டுவோர் 1954 ஜூன் 17-ஐப் பார்க்கலாம். தம் உச்சநிலை கடந்து போயிருந்த அவர், மார்சியானோவோடு பதினைந்து சுற்றும் நின்றார். தோல்வியே காணாமல் ஓய்வுபெற்ற மார்சியானோவோடு அப்படிப் பதினைந்து சுற்றும் நின்றவர் உலகத்தில் வேறொருவர் இல்லை. மூன்றே மாதத்தில் மீண்டும் மோதி, எதிரியின் மூக்கைப் பிளந்து, அதன்பின் எட்டாம் சுற்றில் வீழ்ந்தார். அஞ்சியவன் இரண்டாம் முறை போகமாட்டான். அவர் தயங்கியது தம் உடலுக்காகவன்று, எதிரே நின்றவன் உயிருக்காக என்றே நாம் கொள்கிறோம்.

அப்படியாயின் குத்துச்சண்டை என்ற விளையாட்டே கூடாதென்று சொல்லிவிடலாமே என்று சீர்திருத்த நண்பர்கள் கேட்கலாம். அக்கேள்வியை நாம் அலட்சியம் செய்யவில்லை. ஒருவன் மூளையை அதிரச் செய்வதே வெற்றிக்கு வழியாக உள்ள ஒரு தொழிலை மனமொப்பிப் புகழ நம்மால் முடியவில்லை. எனினும், வேறு கதவெல்லாம் அடைபட்ட ஜாதியாரும் நிறத்தாரும் இந்த ஒரு கதவைத் தட்டினார்கள் என்பதும், அக்கதவையும் பாதி திறந்து பாதி மூடி வைத்திருந்தார்கள் என்பதும் சரித்திரம். தொழிலைக் கண்டிக்கிறவர்கள் மற்றக் கதவுகளைப் பற்றியும் பேச வேண்டும்.

நிற்க. இருவருள் பெரியவர் யார்? தோட்டத்தில் பால் கணக்கு அறிந்தவர்களுக்கு நம் அபிப்பிராயத்தை விளக்க அதிகச் சொற்கள் வேண்டா. குருண் வட்டாரத்தில் ரப்பர் மரம் குறைந்து செம்பனை பெருகிவிட்டாலும், பால் நிறுத்த ஞாபகம் இன்னும் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. வாளி நிறைந்திருந்தால் மட்டும் கணக்காகாது. மழைநீர் கலந்தாலும் வாளி நிறையும். அதனால்தான் மெட்ரோலாக்கைப் பாலில் மிதக்கவிட்டு, உலர்ந்த ரப்பர் எவ்வளவு தேறும் என்று பார்த்துப் பற்றெழுதுகிறார்கள். (அதைப் பிடித்துப் பார்ப்பவர் கிராணி என்பதையும், அவர் கண் சற்றுப் பிசகினால் தொழிலாளியின் கூலி பிசகும் என்பதையும் மறைத்துப் பயனில்லை.) மூரின் வாளி பெரியது: ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் பட்டம், 130-க்கு மேற்பட்ட எதிரிகளை வீழ்த்திய கணக்கு. ஆனால் அந்த எடையில், இருவரும் நேருக்கு நேர் நின்ற முப்பது சுற்றுக்கும் குறைந்த நேரத்தில் தேறிய உலர் ரப்பர் சார்லஸுடையது. லைட் ஹெவிவெயிட் வீரர் என்ற அளவில் சார்லஸே பெரியவர் என்று சொல்ல நாம் தயங்கவில்லை.

விட்டுச்சென்ற செல்வம் என்று பார்த்தால் வழக்கு வேறு திசையில் திரும்புகிறது. சார்லஸிடம் செல்வமும் நிற்கவில்லை, உடலும் நிற்கவில்லை. தசைகளை ஒவ்வொன்றாகச் செயலிழக்கச் செய்யும் நரம்பு நோய் அவரைப் பற்றியது. எவரும் பிடிக்க முடியாதென்று சொல்லப்பட்ட கால்கள் சக்கர நாற்காலியில் ஓய்ந்தன. 1975 மே 28-இல் சிகாகோவில் இறந்தார். ஐந்து வாரங்களுக்குள் அலி கோலாலம்பூரில் மேடை ஏறினார். அரங்கில் கூடியிருந்த ஆயிரக்கணக்கானோரில் சார்லஸ் இறந்ததை எத்தனை பேர் அறிந்திருப்பார்கள்? மூரோ 1998 டிசம்பர் வரை வாழ்ந்தார். 1960-இல் ஹக்கிள்பெரி ஃபின் படத்தில் அடிமை ஜிம்மாக நடித்தார். ‘எந்தப் பையனாலும் முடியும்’ என்று பொருள்படும் பெயரில் ஓர் அமைப்பை ஏற்படுத்தி, ஏழைச் சிறுவர்களுக்குக் குத்துச்சண்டையோடு ஒழுக்கமும் கற்பித்தார். 1960-இல் இளைஞர் அலி பயிற்சிக்கு வந்தபோது பாத்திரம் கழுவவும் தரை கூட்டவும் சொன்னார். அலி கோபித்துக்கொண்டு போய்விட்டார். 1962-இல் அதே அலி, குருவாக இருந்திருக்க வேண்டியவரை நான்காம் சுற்றில் வீழ்த்தினார். ஜார்ஜ் ஃபோர்மன் 1974-இல் கின்ஷாசாவில் அலியோடு மோதியபோது ஃபோர்மன் பக்கத்து மூலையில் நின்றவர்களில் மூரும் ஒருவர்.

ஆகவே, பட்டமில்லாத மேதையின் பேர் மங்கியது. பட்டம் பெற்றவர் பேசினார், எழுதினார், கற்பித்தார், நிலைத்தார். இது சார்லஸின் குற்றமா? நம் நாட்டிலும் இப்படி உண்டு. மூரும் சார்லஸும் இரண்டாம் முறை மோதிய அதே 1947-இல்தான், இந்தக் கெடா மாநிலத் தோட்டங்களில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்றார்கள். அவர்களுள் எத்தனை பேருடைய பெயர் இன்று நம் பிள்ளைகளுக்குத் தெரியும்? கள்ளுக்கடை வாசலில் நின்றதற்காக எவருக்கும் டத்தோ பட்டம் வந்ததில்லை. அவர்களைப் பற்றி எழுதிவைக்கும் கடமை நின்றவர்களுடையதன்று. எழுதத் தெரிந்த நம்முடையது. கிராணிமார் கையில் பேனா இருந்தது. செக்ரோல் மட்டும் எழுதினோம்.

சின்சினாட்டியில் ஒரு பெரிய வீதிக்குச் சார்லஸின் பெயர் சூட்டியிருக்கிறார்கள். 2022-இல் சிலையும் வைத்தார்கள். 1990-இல் குத்துச்சண்டைப் புகழ் மண்டபம் முதன்முதலாக வீரர்களைச் சேர்த்தபோது இருவரையும் ஒருசேரச் சேர்த்துக்கொண்டது. எனினும் நம் நண்பர்களில் மூரையே மேலாகக் கொள்வோர் இன்னும் உண்டு. அவர்கள் 1958 டிசம்பர் 10-ஐக் காட்டுகிறார்கள். மாண்ட்ரியலில் இவான் டுரெல் என்பவர் மூரை முதல் சுற்றிலேயே மூன்று முறை வீழ்த்தினார். ஐந்தாம் சுற்றில் மீண்டும் வீழ்த்தினார். நாற்பதைக் கடந்த அம்மனிதர் ஒவ்வொரு முறையும் எழுந்து, பதினோராம் சுற்றில் டுரெலை எழாதபடி செய்தார். அப்படம் இன்று யார் கைப்பேசியிலும் காணக் கிடைக்கிறது. பார்த்தவர் மனம் இளகாமல் இருப்பது அரிது. அதற்கு எதிராக 1946 முதல் 1948 வரையுள்ள சார்லஸை எடுத்துக் காட்டலாமென்றால், அக்காலத்துப் படச்சுருள் கிடைப்பதே அபூர்வம். பழைய பத்திரிகைகளில் அச்சான முடிவுகளைத்தான் நாம் எடுத்து வைக்க வேண்டியிருக்கிறது.